ஓட்டாத சைக்கிளின் டயர்

கிருபாகரன் முப்பத்துநாலு வருஷம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். லாரிக்கும் மோட்டாருக்கும் போகிற புஷ், வாஷர், ஹோஸ் எல்லாம் அவர் மேஜையைத் தாண்டித்தான் வெளியே போகும். போகலாம் என்பதற்குப் பச்சை முத்திரை, கூடாது என்பதற்குச் சிவப்பு முத்திரை. சிவப்பு முத்திரையை மட்டும் நாலு தடவை தேய்ந்துபோய் மாற்ற வேண்டியிருந்தது என்று அவருடைய பிரிவுபசாரக் கூட்டத்தில் மேனேஜர் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். கிருபாகரன் சிரிக்கவில்லை, ஆமாம் என்று தலையாட்டினார். ஐந்தாவது தடவையும் மாற்றியிருக்க வேண்டும். எழுதிக் கேட்டும் கொடுக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் அவருக்கு ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு ஹார்ட்னஸ் மீட்டர் கொடுத்தார்கள். மீட்டர் உள்ளங்கைக்குள் அடங்கும். கீழே மழுங்கிய ஊசி, மேலே முள்ளும் எண்களும். ரப்பர் மேல் வைத்து அழுத்தினால் அது எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று முள் காட்டும். கம்பெனி புதிதாக டிஜிட்டல் வாங்கிவிட்டதால் பழையதை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். கடிகாரத்தை அவர் மகளிடம் தள்ளிவிட்டார். மீட்டர் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்.

மேனாம்பேட்டில் அவர்கள் வீட்டில் ரப்பரால் ஆன எதுவும் அவருக்குத் தெரியாமல் பழசாக முடியாது. குக்கர் காஸ்கெட், கேஸ் டியூப், மிக்ஸி ஜாரின் வளையம், குளியலறைச் செருப்பு எல்லாவற்றுக்கும் ஒரு நீள நோட்டில் தனித்தனிப் பக்கம் உண்டு. பக்கத்து வீட்டு தாட்சாயிணி ஒருநாள் தன் ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடமாட்டேன் என்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னாள். மறுநாள் காலையில் அவர் மீட்டரோடு வாசலில் நின்றார். கதவு ரப்பர் நன்றாக இருக்கிறது, உள்ளேதான் சாமான் அதிகம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவர் மனைவி ஞானசௌந்தரி, சர்ச் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் ஆபீஸ் வேலை பார்த்தவள். போன மே மாதம் ஓய்வு பெற்றாள். வேலைக்குப் போனவரை காலையிலும் மாலையிலும் ஷேர் ஆட்டோ. வேண்டியதை வழியிலேயே இறங்கி வாங்கிக்கொள்வாள். ஓய்வு பெற்ற பிறகு வெளியே போவதென்றால் கிருபாகரனின் ஸ்கூட்டர் என்று ஆகிவிட்டது. அவர் ஸ்கூட்டரை எடுக்கும் முன் இரண்டு டயரையும் கையால் தடவிப் பார்ப்பார். காற்றை அளந்து பார்ப்பார். பிரேக் கேபிளின் உறை வெடித்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். கொத்தமல்லி வாங்கித் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் ரசம் கொத்தமல்லி இல்லாமலே இறங்கியிருக்கும்.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், பின் அறையில் நிற்கிற சைக்கிளை எடுத்துக் கொடுக்கும்படி கேட்டாள்.

யாருக்கு என்றார்.

"எனக்குத்தான்."

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. சைக்கிள் ஓட்டத் தெரியாது. இந்த இரண்டையும் அவர் எடுத்துச் சொன்னார். இரண்டும் தனக்கும் தெரியும் என்றாள். கற்றுக்கொள்ளப் போவதாகவும், கற்றுக்கொண்ட பிறகு காய்க்கும் மருந்துக்கும் யாரையும் கூப்பிடப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டு அவர் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தாள்.

அந்தச் சைக்கிள் அவர்களுடைய ஒரே மகள் ஸ்வீட்லினுடையது. 2010-இல் அவள் பிளஸ் ஒன் படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. அப்பாவும் மகளும் பள்ளிக்கூடத்திலிருந்து தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள். அன்று சாயங்காலமே கிருபாகரன் அதை ஆராய்ந்துவிட்டு, பிரேக் கட்டை சரியில்லை, பார்த்து மாற்றிய பிறகு ஓட்டலாம் என்றார். பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்ததில் பிளஸ் ஒன் முடிந்தது, பிளஸ் டூவும் முடிந்தது. காலேஜ் பஸ் தெருமுனைக்கே வர ஆரம்பித்தது. அதன்பிறகு சைக்கிளைப் பின் அறைக்குள் ஏற்றி, சக்கரம் தரையில் படாதபடி நடுவில் செங்கல் அடுக்கி, பெட்ஷீட்டால் போர்த்தி வைத்தார். வெயில் வராமல் அந்த ஜன்னலையும் சாத்தினார். சைக்கிளை யாரையும் ஓட்ட விடவில்லையே தவிர, அதைப் பார்த்துக்கொண்டதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முடியாது என்று அவர் மனைவியிடம் சொல்லவில்லை. முதலில் ரப்பரைப் பார்க்க வேண்டும் என்றார். ஓட்டாத டயர் என்றால் புது டயர் என்று அர்த்தமில்லை. ரப்பர் ஓடினாலும் கெடும், சும்மா நின்றாலும் கெடும். காற்று படும், சூடு படும், உள்ளேயிருக்கிற எண்ணெய்ப்பசை போய்விடும். வெளியே பளபளவென்று இருக்கும், மடக்கினால் விரிசல் விடும். பதினைந்து வருஷம் சும்மா கிடந்ததை நம்பி ரோட்டில் ஏறினால் எப்போது எது விடும் என்று சொல்ல முடியாது. ஞானசௌந்தரி இதையெல்லாம் கேஸ் டியூபுக்காக ஏற்கெனவே கேட்டிருந்தாள். முழுசாகக் கேட்டு முடித்து, எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்டாள். ஒரு வாரம் என்றார்.

பதினோரு நாள் ஆனது. முன் அறையில் பழைய பேப்பரைப் பரப்பி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கழற்றினார். காற்றடிக்கிற இடத்திலிருந்த வால் டியூப் விரலில் எடுத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிரேக் கட்டைகள் நாலும் கல்லாகியிருந்தன, நகம் இறங்கவில்லை. பிடித்தால் ரிம்மைத் தடவிக் கொடுக்குமே ஒழிய நிறுத்தாது. கைப்பிடி கிரிப் வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுத்தது. உள் டியூபில் மடிப்பு விழுந்த ஒரு இடத்தில் முடியிழை போல ஒரு கோடு. வால் டியூபுக்கு மீட்டரே தேவைப்படவில்லை. டயர் இரண்டையும் துணியால் துடைத்து, விரலால் அமுக்கி, வளைத்து, பூதக்கண்ணாடி வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஞானசௌந்தரி காபியோடு வந்து நின்றாள். வால் டியூப், பிரேக் கட்டை, கிரிப், டியூப் எல்லாம் ஃபெயில் என்று அறிவித்தார். டயர் என்றாள். டயரை இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார்.

அதுவரை ஃபெயில் ஆனதையாவது மாற்றலாம் என்று அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அப்துல் ரசாக்கின் கடைக்குக் கிளம்பினாள். மெயின் ரோட்டில் ரொம்ப வருஷமாக இருக்கிற சைக்கிள் கடை. கிருபாகரனும் பின்னாலேயே போனார். ரசாக் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். எதுவும் சொல்லாமல் பெல்லை ஒரு தடவை அடித்துப் பார்த்தார், அடித்தது. புது டியூப், புது வால் டியூப், புது பிரேக் கட்டை எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். கிருபாகரன் மீட்டரை எடுத்தார். இரண்டு ஜோடி பிரேக் கட்டைகளை வேண்டாமென்று ஒதுக்கி, மூன்றாவது ஜோடியை ஒப்புக்கொண்டார். இன்னொரு சக்கரத்துக்கான நாலாவது ஜோடிக்காக ரசாக் உள்ளே பரணில் ஏற வேண்டியிருந்தது. டியூபில் தேதி எங்கே என்று கேட்டார். டியூபில் தேதி போட்டுத் தான் பார்த்ததே இல்லை என்றார் ரசாக்.

சந்தேகம் இருந்தால் டயரையும் மாற்றிவிடுங்களேன் என்று ஞானசௌந்தரிதான் சொன்னாள். கடை வாசலில் கம்பியில் புது டயர்கள் மாலை போலத் தொங்கின. கிருபாகரன் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தார். முள் எழுபத்தைந்துக்கு மேலேயே நின்றது. ஓரத்தை மடக்கினால் மெல்லிய கோடுகள் தெரிந்தன. அங்கே எவ்வளவு நாளாகத் தொங்குகின்றன என்று கேட்டார்.

ரசாக் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"சார், அது மூணு வருசமா வெயில்ல காஞ்சினு கீது. உங்குளுது ஊட்டுல நெழல்ல தூங்கினு இருந்த டயரு. வியாபாரத்துக்காக பொய் சொல்லக்கூடாது. என்னுதுதான் புச்சு, ஆனா உங்குளுதுதான் பெட்டரு. காத்து நல்லா கெட்டியா அடிச்சி ஒரு நாளு வெச்சிப் பாருங்கோ. நின்னா ஓட்டுங்கோ."

கெட்டியாகக் காற்றடித்து வைத்தார்கள். ஒரு நாள் நின்றது. மூன்று நாளும் நின்றது. ஒரு வாரம் கழித்து ஞானசௌந்தரி கேட்டபோது, நின்ற இடத்தில் நிற்பது வேறு, பாரத்தோடு ஓடுவது வேறு, இன்னும் சில சோதனைகள் பாக்கி என்றார். என்ன சோதனை என்று அவள் கேட்கவில்லை. அவருடைய வேலையில் அவளுக்கு மரியாதை உண்டு. ஜூலை மாதம் முழுக்க அவள் ஸ்கூட்டரின் பின் சீட்டிலேயே போய் வந்தாள்.

ஜூலை கடைசியில் ஒருநாள் காலை, கேஸ் புக் பண்ணுகிற நம்பரைத் தேடி அவருடைய நீள நோட்டைப் புரட்டினாள். கேஸ் டியூப் பக்கத்துக்கு இரண்டு பக்கம் தள்ளி "சைக்கிள் – முன் டயர்" என்று இருந்தது. ஆறு இடத்தில் அளந்த எண்கள், 63, 64, 64, 65, 63, 64. பின் டயர் ஒன்றிரண்டு கூட. கீழே, "எல்லை 75. வெடிப்பு இல்லை. மடக்கிப் பார்த்ததில் கோடு இல்லை. ஏற்கத்தக்கது." அதற்கும் கீழே கையெழுத்து, ஜூன் 21 என்று தேதி. கையெழுத்துப் போடாமல் ஒரு பக்கத்தை விடுவது அவருக்கு வராது.

கிருபாகரன் ஸ்டூல் மேல் ஏறி ஃபேன் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் நோட்டைத் திறந்தபடியே கொண்டுபோய்க் காட்டினாள்.

"பாஸ்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"என்கிட்ட டெஸ்ட் நடக்குதுன்னீங்க."

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். துணியை மடித்தார். தன் வாழ்நாளில் ஒரு ரிப்போர்ட்டும் மாற்றி எழுதியதில்லை என்பது அவருடைய பெருமை. இந்த ரிப்போர்ட்டையும் அவர் மாற்றி எழுதவில்லை, வாயால் சொன்னதுதான் வேறு. இந்த வித்தியாசத்தை அவளுக்கு விளக்கப் பார்த்தார். பாதியில் அது தனக்கே நன்றாகப் படாததால் நிறுத்திக்கொண்டார்.

"ஸ்வீட்லின் சைக்கிள் வந்த அன்னைக்கு பிரேக் கட்டை சரியில்லைன்னீங்களே, அது?"

அவர் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். மூன்று இறக்கையில் ஒன்று இன்னும் துடைக்கவில்லை.

"அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் நோட்டை இன்னும் திறந்தே பிடித்திருந்தாள். அவள் ஏதாவது சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லாததால் அவரே சொல்ல வேண்டியிருந்தது.

"ரப்பருக்கு என்கிட்ட மீட்டர் இருக்கு, சௌந்தரி. எஸ்டேட்டுக்குப் போற ரோட்டுல லாரி எப்படி வருதுன்னு உனக்கும் தெரியும். அதை எதை வெச்சு நான் அளக்கறது?"

ஞானசௌந்தரி நோட்டை மூடினாள். முப்பத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவர் பயப்படுகிறார் என்று அவருடைய வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்காக இரக்கப்படுவதா, பெண்ணை இரண்டு வருஷம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக விட்டதற்காகக் கோபப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தது. அவள் கேஸ் புக் பண்ணினாள். பிறகு தாட்சாயிணி வீட்டுக்குப் போய், நாளைக் காலையில் சும்மாதானே இருப்பாய் என்று கேட்டாள்.

தாட்சாயிணிக்குச் சைக்கிளும் தெரியும், ஸ்கூட்டியும் தெரியும். காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் கற்றுக்கொடுத்தாள். வாட்ச்மேன் ஞானசௌந்தரிக்குப் பழக்கம் என்பதால் கேட்டைத் திறந்துவிட்டார். கிருபாகரனைக் கூப்பிடவில்லை. அவரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. அவள் கிளம்பும்போது வாசலில் நின்று, காற்று இருக்கிறதா என்று முன் டயரை ஒரு தடவை, பின் டயரை ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பார். அவள் அதற்கு மட்டும் நின்றாள்.

முதல் வாரத்தில் மூன்று தடவை விழுந்தாள். ஒரு தடவை முழங்கை சிராய்த்தது. ஒரு தடவை கூடைப்பந்துக் கம்பத்தில் நேராகப் போய் முட்டினாள். பிரேக் பிடித்ததா என்று கிருபாகரன் கேட்டார். பிடிக்க மறந்துவிட்டேன் என்றாள். அப்படியானால் அது பிரேக்கின் கணக்கில் வராது என்றார். இரண்டாவது வாரம் தாட்சாயிணி பின்னாலிருந்து கையை எடுத்ததே தெரியாமல் மைதானத்தைச் சுற்றி வந்தாள். மூன்றாவது வாரம் தெருவில் ஓட்டினாள். நாலாவது வாரம் சந்தைக்குப் போய்ப் பதினெட்டு நிமிஷத்தில் திரும்பினாள். அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றதால் அது தெரிந்தது.

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை, ஸ்வீட்லின் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன், மதியம் சாப்பாடு அங்கேதான் என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பினாள். ஸ்வீட்லினும் அவள் கணவன் ரெனிஷும் ஐ.டி. வேலையில் இருக்கிறார்கள். அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் நாலாவது மாடி. போவதென்றால் ரயில் பாதையைத் தாண்டி, மெயின் ரோட்டைக் குறுக்கே கடந்து, அத்திப்பட்டு வழியாக ஆறேழு கிலோமீட்டர் போக வேண்டும். கிருபாகரன் அவள் ஷேர் ஆட்டோவில்தான் போகிறாள் என்று நினைத்தார். குளித்துவிட்டு வந்து பார்த்தால் சைக்கிள் இல்லை.

அவர் போன் பண்ணவில்லை. ஓட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் எடுக்கப் பார்ப்பாள், அது ஆபத்து. உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஒரே பக்கத்தை ஒன்றரை மணி நேரம் படித்தார். பதினொரு மணிக்கு ரெனிஷ் கூப்பிட்டான்.

"மாமா, அத்தை வந்துட்டாங்க. ஏரிகிட்ட பஞ்சராம். சரி பண்ணிட்டுத்தான் வந்தாங்க. நீங்களும் சாப்பிட வாங்க."

கிருபாகரன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மெயின் ரோட்டுச் சிக்னலில் நிற்கும்போதுதான் டயரைப் பார்க்காமல் வந்துவிட்டது ஞாபகம் வந்தது. சிக்னல் விழுந்ததும் ஓரமாக நிறுத்தி, இரண்டையும் பார்த்துவிட்டுப் போனார்.

ஃபிளாட்டின் கீழே, கார்களுக்கு நடுவில் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. அவர் நேராக மேலே போகவில்லை. குனிந்து முன் டயரைச் சுற்றிலும் பார்த்தார். பின் டயரையும் பார்த்தார். இரண்டிலும் வெட்டுக்காயமில்லை, ஆணி ஏறிய ஓட்டையில்லை. செக்யூரிட்டி வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட பிறகுதான் லிஃப்டுக்குப் போனார்.

ஞானசௌந்தரி சோபாவில் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. மற்றபடி நன்றாக இருந்தாள். நடந்ததைக் கேட்காமலே சொன்னாள். அத்திப்பட்டு தாண்டி வரும்போது பின் சக்கரம் இழுக்க ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் காற்று இல்லை. வெயிலில் அரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனாள். ஏரிக்கரைப் பக்கம் ஒரு பஞ்சர் கடை இருந்தது. கடைக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, டயரில் ஒன்றுமில்லை, டியூபில் உள்பக்கமாக ஓட்டை, ரிம் டேப்புதான் போய்விட்டது என்றார். சக்கரத்தின் உள்ளே, கம்பிகளின் முனை டியூபில் குத்தாமலிருக்க ஒரு ரப்பர் பட்டை சுற்றியிருப்பார்கள். அது காய்ந்து துண்டுதுண்டாக அறுந்திருந்தது. புதுசு போட்டு, டியூபை ஒட்டிக் கொடுத்தார்.

கிருபாகரன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரிம் டேப்பை நான் பார்க்கல" என்றார்.

நோட்டில் நாற்பது பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறார். டியூபைக் கழற்றியபோது அந்தப் பட்டை கண்ணெதிரே இருந்திருக்கும். பார்வையெல்லாம் டயரிலேயே இருந்ததால் அது கண்ணில் படவில்லை. ஒரு லாட் சரக்கில் பாதியைப் பார்க்காமல் பச்சை முத்திரை குத்தியதற்குச் சமம். இதை அவர் மூன்று பேரிடமும் வரிசையாகச் சொன்னார். ரெனிஷ் குக்கரைப் பார்க்கப் போனான்.

ஸ்வீட்லின் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தரையில் அம்மா காலடியில் உட்கார்ந்தாள். கிருபாகரன் தண்ணீரைக் குடித்து முடித்தார். அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார். போனில் சொல்ல வரவில்லை.

"உனக்கு சைக்கிள் குடுத்தாங்களே, அன்னைக்கு பிரேக் கட்டை சரியில்லைன்னு சொன்னேன். அது சரியாத்தான் இருந்துச்சும்மா."

"தெரியும்ப்பா."

எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார்.

"நான்தான் ஓட்டினேனே."

பிளஸ் டூ படிக்கும்போது சனிக்கிழமைகளில் அப்பாவுக்கு மதியம் வரைக்கும் டியூட்டி, அம்மாவுக்கும் ஆபீஸ் உண்டு. அந்த நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவாளாம். முதலில் தெருவிலேயே கற்றுக்கொண்டாள். பிறகு புதூரில் சிநேகிதி ஜெபா வீட்டுக்கு. அப்புறம் இரண்டு பேருமாக ஏரி வரைக்கும். ரசாக் கடையில் காற்றடித்துக்கொள்வாள். அப்பாவிடம் சொல்ல வேண்டாமென்று அவரிடம் ஒரு தடவைதான் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் டயரைக் கழுவித் துடைத்து நிறுத்திவிடுவாள். இருபது, இருபத்தைந்து தடவை இருக்கும்.

உள்ளே குக்கர் ஒரு விசில் அடித்தது. கிருபாகரன் கோபப்படுவார் என்று ஸ்வீட்லின் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வயதிலும் அந்தப் பார்வை அப்படியே இருந்தது.

அவர் வேறு ஏதோ யோசனையில் இருந்தார்.

"புது டயர்ல மேல சின்னச் சின்னதா ரப்பர் முடி நீட்டிக்கிட்டிருக்கும். இதுல ஒண்ணுகூட இல்ல. அச்சு வேற மாதிரி போலன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "அப்ப இது ஓட்டாத டயர் இல்ல" என்றார்.

ஓட்டின டயர்தான் என்று ஸ்வீட்லின் ஒத்துக்கொண்டாள். அவர் முகத்தில் கோபம் இல்லை. வெகுநாள் தேடிய சாவி கிடைத்தவர் போல இருந்தார். அந்த இருபத்தைந்து சனிக்கிழமையும் ஒன்றும் ஆகாமல் அவள் திரும்பி வந்திருக்கிறாள் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்ததும் கையிலிருந்த காலி டம்ளரை இன்னொரு தடவை வாய்க்குக் கொண்டுபோனார்.

கோபம் வந்தது ஞானசௌந்தரிக்குத்தான். மோரைக் கீழே வைத்துவிட்டு, எந்த வழியாகப் போனாய் என்று கேட்டாள். ஸ்வீட்லின் வழியைச் சொன்னாள். எஸ்டேட்டுப் பக்கமும் போயிருக்கிறாயா என்று கேட்டாள். சில தடவை என்றாள். லாரி வருகிற ரோட்டில், வீட்டில் யாருக்கும் தெரியாமல், ஏதாவது ஆகியிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று குரல் ஏறிக்கொண்டே போனது. பாதியில், அன்று காலை தான் எந்த ரோட்டைக் கடந்து வந்தோம் என்பது நினைவுக்கு வந்தது போல நின்றாள். மோர் டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"பெல் அடிச்சுட்டாவது போனியா?"

"அடிச்சேம்மா."

சாப்பாட்டுக்கு ரெனிஷ் மீன் குழம்பு வைத்திருந்தான். காரம் கொஞ்சம் தூக்கல். எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்து, வெயில் தாழ்ந்து நாலு மணிக்குக் கிளம்பினார்கள். சைக்கிளை இங்கேயே விட்டுவிட்டு அப்பாவோடு ஸ்கூட்டரில் போகலாமே என்று ஸ்வீட்லின் சொல்லிப் பார்த்தாள். அவள் அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

ஏரிக்கரையை ஒட்டி ஞானசௌந்தரி முன்னால் சைக்கிளில் போனாள். கிருபாகரன் பத்தடி பின்னால் இண்டிகேட்டர் போட்டபடி ஸ்கூட்டரில் வந்தார். அந்த வேகத்தில் ஸ்கூட்டர் நிற்காமல் போவதே கஷ்டமாக இருந்தது, காலை ஊன்றி ஊன்றி வந்தார். பின்னாலிருந்து ஒரு வேன் ஹாரன் அடித்தது, பிறகு ஒரு பஸ், பிறகு தொடர்ந்து எல்லாரும். எல்லாம் அவரைப் பார்த்துத்தான். ஒரு பைக்காரன் போகிறபோக்கில், ஊட்டுல சொல்ட்டு வந்தியா என்று கேட்டுவிட்டுப் போனான்.

அத்திப்பட்டு வந்ததும் அவள் ஓரமாக இறங்கி நின்றாள். அவரும் நிறுத்தினார்.

"நீங்க முன்னால போங்க. உங்களாலதான் எனக்கு பயமா இருக்கு."

அவர் யோசித்துப் பார்த்தார். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. மெயின் ரோட்டைக் கடக்கும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறாயா என்று கேட்டார். காலையிலும் அப்படித்தான் வந்தேன் என்றாள். சரி என்று கிளம்பினார். கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியில் பார்த்தார். அவள் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தாள், வலது காலைத் தூக்கிப் போடுவதில் இன்னும் ஒரு தடுமாற்றம் இருந்தது. பிறகு வளைவு வந்துவிட்டதால் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ஸ்கூட்டரை நிறுத்தினார். கேட்டை மூடாமல் படியில் உட்கார்ந்தார். தாட்சாயிணி மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டே, அக்கா எங்கே என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறாள் என்றார். எழுந்து தெருமுனை வரை போகலாமா என்று பார்த்தார். போகவில்லை. முப்பத்தைந்து நிமிஷம் கழித்துத் தெருமுனையில் பெல் சத்தம் கேட்டது.

அவள் சைக்கிளை உள்ளே தள்ளி வந்து ஸ்டாண்டு போட்டாள். குழாயில் முகம் கழுவினாள். அவர் துண்டை எடுத்துக் கொடுத்தார். வழியில் ஒன்றும் இல்லையே என்று கேட்டார். ஒன்றும் இல்லை, ஒரு மாடுதான் நடுவில் படுத்திருந்தது என்றாள். அவர் சைக்கிள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். புது ரிம் டேப்பு உள்ளே இருந்தது. வெளியிலிருந்து பார்க்க முடியாது.

"பழைய டேப்பு எங்க?"

"கடையிலயே போட்டுட்டேன்."

"எடுத்துட்டு வந்திருக்கலாம். எந்த இடத்துல முதல்ல விட்டுச்சுன்னு பாத்திருக்கலாம்."

ஞானசௌந்தரி முகத்தைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள்.

"புதன்கிழமை அந்தப் பக்கம் போவேன்" என்றாள். "குப்பையில கிடந்தா கேட்டு வாங்கிட்டு வரேன்."